வெளிநாட்டுக் கூட்டாளி: பெரிய பெயரா, நம் அளவா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் இயந்திர உதிரிபாகம் தயாரிக்கிறோம். இரண்டு வெளிநாட்டு நிறுவனங்கள் கூட்டு சேரக் கேட்கின்றன. ஒன்று பெரிய பெயர், எங்கள் நிறுவனத்தில் பங்கும் வாங்கிக்கொள்கிறதாம். இன்னொன்று எங்கள் அளவுதான், தன் நாட்டில் விற்றுத் தருகிறேன் என்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?"

பெயரைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவர்களுக்கு உங்களிடம் என்ன வேண்டும், அது கிடைத்த பிறகும் நீங்கள் தேவைப்படுவீர்களா, இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனம் பங்கும் கேட்கிறது என்றால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்.

ஃபோக்ஸ்வேகன், சுசுகி கதை தெரிந்திருக்கும். 2009 டிசம்பரில் சுசுகியின் 19.9 சதவீதப் பங்கை வாங்குவதாக ஃபோக்ஸ்வேகன் அறிவித்தது. ஃபோக்ஸ்வேகனிடம் தொழில்நுட்பம், சுசுகியிடம் சின்னக் காரும் இந்தியச் சந்தையும், காகிதத்தில் பார்த்தால் பத்துப் பொருத்தமும் இருந்தது. ஆனால் தன்னைச் சரிசமமான கூட்டாளி என்று சுசுகி நினைத்துக்கொண்டிருக்க, ஃபோக்ஸ்வேகனோ தன் ஆண்டறிக்கையில், சுசுகியின் நிதி, நிர்வாக முடிவுகளில் தனக்குக் கணிசமான செல்வாக்கு உண்டு என்ற பொருளில் எழுதிவிட்டது. அந்த ஒரு வரி போதாதா? அப்புறம் சுசுகி டீசல் எஞ்சினை ஃபியட்டிடம் வாங்கப் போக, இது ஒப்பந்த மீறல் என்று 2011-இல் ஃபோக்ஸ்வேகன் சொல்ல, எங்கள் பங்கைத் திருப்பிக் கொடு என்று சுசுகி கேட்க, பஞ்சாயத்து லண்டனில், கோர்ட்டுக்கு வெளியே தகராறு தீர்க்கும் நடுவர் மன்றம் வரை போய் 2015 ஆகஸ்டில்தான் தீர்ப்பு வந்தது. பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சுசுகிக்கு வழி கிடைத்தது, ஆனால் இடையில் போன வருடங்கள் போனதுதான்.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் சொல்கிறேன். விமான எஞ்சின் தயாரிக்கும் சிஎஃப்எம், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கும் (ஜிஇ) பிரான்சின் ஸ்னெக்மாவும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகத் தொடங்கியது. எஞ்சினின் மையப்பகுதி ஜிஇ-யின் பொறுப்பு, முன்னால் இருக்கும் விசிறியும் குறைந்த அழுத்தப் பகுதியும் ஸ்னெக்மாவின் பொறுப்பு. அந்த மையப்பகுதி ராணுவ விமானத் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது என்பதால் அமெரிக்க அரசு முதலில் அனுமதி தரவில்லை, இரு நாட்டு அதிபர்கள் பேசித்தான் வழி பிறந்தது, அதுவும் மையப்பகுதி அமெரிக்காவிலேயே தயாராகி மூடிய நிலையில் பிரான்சுக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, கூட்டாளியாக இருந்தாலும் காட்டாத பகுதி ஒன்று இருந்தது, அது தொடக்கத்திலேயே வெளிப்படையாகப் பேசி முடிவானது. ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் அந்த எஞ்சினை விற்கவே முடியாது. இன்றைக்கும் அந்தக் கூட்டு ஓடுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிறிய நிறுவனத்தோடு பேச்சைத் தொடருங்கள், ஆனால் அளவு ஒன்று என்பதற்காக மட்டும் வேண்டாம். அவர்களோடு முன்பு கூட்டு சேர்ந்து பிரிந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள், இப்போதைய கூட்டாளிகள் நல்லதைத்தான் சொல்வார்கள். உண்மையான உரிமையாளர் யார், வணிகம் செய்யக் கூடாது என்று அரசுகள் போடும் தடைப்பட்டியலில் பெயர் இருக்கிறதா, இதெல்லாம் வழக்கமான சோதனை, வக்கீல் பார்த்துக்கொள்வார். கையெழுத்துப் போடும் முதலாளியைவிட, தினமும் உங்கள் மெயிலுக்குப் பதில் போடப்போகிற மேலாளர் யார் என்று பாருங்கள். முதலில் ஒரு சிறிய ஆர்டருக்கு மட்டும் சரக்கு அனுப்பிப் பாருங்கள், பணம் சொன்ன தேதிக்கு வருகிறதா, சரக்கில் குறை வந்தால் எப்படிப் பேசுகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் பிரிவதைப் பற்றி இப்போதே எழுதி வையுங்கள். உதிரிபாகத்தின் வரைபடம் யாருக்கு, அதை வார்க்கும் அச்சு யாருக்கு, வாடிக்கையாளர் பட்டியல் யாருக்கு, எத்தனை மாத முன்னறிவிப்பு, தகராறு வந்தால் எந்த ஊர் நடுவர் மன்றம். கூடுமானால், வெளிநாட்டு நடுவர் மன்றத் தீர்ப்புகளை ஏற்பதற்கான 1958 நியூயார்க் உடன்படிக்கையில் இருக்கும் நாட்டைத் தேர்ந்தெடுங்கள், 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன, அங்கே கிடைத்த தீர்ப்பை இன்னொரு நாட்டில் அமல்படுத்துவது எளிது. இதைப் பேச ஆரம்பித்ததும் எதிர்த்தரப்பு முகம் சுளித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பெரிய நிறுவனத்திடமும் கதவைச் சாத்த வேண்டாம், பங்கு பேச்சை ஒதுக்கிவிட்டு வெறும் சப்ளை ஒப்பந்தத்துக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.