ரத்தக்கொதிப்பில் வெள்ளை அணுக்களுக்கு என்ன வேலை?

நேயர்களுக்கு வணக்கம்.

ரத்தக்கொதிப்பு என்றதும் நாம் உப்பைச் சொல்வோம், உடல் எடையைச் சொல்வோம், பரம்பரையைச் சொல்வோம். மருத்துவம் படிக்கிறவர்கள் சிறுநீரகம், ரத்தக்குழாய், நரம்பு மண்டலம் என்று இன்னும் மூன்றைச் சேர்ப்பார்கள். வெள்ளை அணுக்கள் இந்தப் பேச்சில் வெகுகாலம் வரவே இல்லை. கிருமி வந்தால் சண்டை போடுவது அவற்றின் வேலை, ரத்த அழுத்தத்தோடு அவற்றுக்கு என்ன சம்பந்தம் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

இத்தனைக்கும் முதல் தடயம் 1960களிலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் ஆர்தர் க்ரோல்மனும் உடனிருந்தவர்களும் எலிகளின் சிறுநீரகத்தில் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டத்தை நிறுத்தினார்கள். எலிகளுக்குக் கொதிப்பு ஏறியது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொடுத்தபோது அது குறைந்தது. 1967இல் இன்னொரு படி போனார்கள். கொதிப்புள்ள எலியின் நிணநீர்க் கணுவிலிருந்து, அதாவது வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும் முடிச்சிலிருந்து, செல்களை எடுத்து ஆரோக்கியமான எலிக்குச் செலுத்த, அதற்கும் அழுத்தம் ஏறியது. என் பார்வையில் அன்றைக்கே துறையைப் புரட்டிப்போட்டிருக்க வேண்டிய செய்தி இது. ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கவனம் திரும்பியது 2007இல். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஹாரிசனின் ஆய்வகத்தில் டோமாஷ் குஜிக் ஒரு சோதனை செய்தார். டி செல், பி செல் இரண்டும் வெள்ளை அணுக்களில் இரு வகை. பிறவியிலேயே இவை இரண்டும் இல்லாத ஒரு சுண்டெலி வகை உண்டு. ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனைத் தொடர்ந்து செலுத்தினால் சாதாரண எலிக்கு அழுத்தம் எகிறிவிடும். இந்த எலிகளுக்கோ அவ்வளவாக ஏறவில்லை. சரி, பி செல்களைக் கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுத்தார்கள், மாற்றமில்லை. டி செல்களைக் கொடுத்ததும் மற்ற எலிகளைப் போலவே இவற்றுக்கும் கொதிப்பு வந்துவிட்டது.

கிருமியே இல்லாத இடத்தில் டி செல்லை உசுப்பிவிடுவது யார்? இதற்கு ஒரு நல்ல விடையை 2014இல் அனெட் கிராபோ குழுவினர் தந்தார்கள். கொதிப்பைத் தூண்டும் சூழலில் டென்ட்ரிடிக் செல்கள் என்ற காவல் செல்களுக்குள் ஆக்சிஜனேற்றம் மிகுந்து, கொழுப்பு சிதைந்து, அந்தச் சிதைவுப் பொருள் நம் சொந்தப் புரதங்களின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. வீட்டுப் பிள்ளையே முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்தால் நாய் குரைக்காதா? அப்படித்தான், சொந்தப் புரதம் அந்நியமாகத் தெரிய, டி செல்கள் விழித்துக்கொள்கின்றன.

விழித்தவை ரத்தக்குழாயைச் சுற்றியுள்ள கொழுப்பிலும் சிறுநீரகத்திலும் போய்த் தங்குகின்றன. அங்கே சைட்டோகைன் எனப்படும் சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. குழாய் தளர்ந்துகொடுக்கும் தன்மை குறைகிறது, சுவர் விறைக்கிறது. சிறுநீரகம் வெளியே அனுப்ப வேண்டிய உப்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இந்தப் புரதங்களில் இன்டர்லூக்கின்-17 என்று ஒன்று. அது இல்லாத எலிகளை 2010இல் சோதித்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. ஆரம்பத்தில் அவற்றுக்கும் மற்ற எலிகளைப் போலவே அழுத்தம் ஏறியது. ஆனால் ஏறியது நிலைக்கவில்லை. நான்கு வாரத்தில் மற்ற எலிகளைவிட 30 புள்ளி கீழே இருந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். வெள்ளை அணுக்கள் கொதிப்பைத் தொடங்கிவைப்பதைவிட, தொடங்கிய கொதிப்பை இறங்கவிடாமல் பிடித்துவைக்கின்றன.

உப்பு விஷயத்துக்கு வருவோம். சாப்பிட்ட உப்பில் ஒரு பங்கு தோலுக்கடியில் சேர்கிறது. மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் அதை மோப்பம் பிடித்து, ஒரு வளர்ச்சிப் புரதத்தைச் சுரந்து, அங்கே நிணநீர்க் குழாய்களைப் பெருகச் செய்கின்றன. உப்பு மெல்ல வடிகிறது. 2009இல் ஜெர்மனியில் யென்ஸ் டிட்சே குழுவினர் எலிகளில் இந்த மேக்ரோபேஜ்களை நீக்கிவிட்டு உப்பு மிகுந்த தீனி கொடுத்தபோது அழுத்தம் ஏறியது. ஆக, இங்கே வெள்ளை அணு நம் பக்கம். ஆனால் 2013இல் வந்த ஆய்வுகள், அதே உப்பு டி செல்களை இன்டர்லூக்கின்-17 சுரக்கும் முரட்டு வகையாக மாற்றிவிடுகிறது என்று காட்டின. இதற்கு நேர்மாறாக, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற இன்னொரு வகையை எலிகளுக்குச் செலுத்தினால் இதயத்துக்கும் குழாய்களுக்கும் வரும் சேதம் குறைகிறது. வெள்ளை அணு நல்லதா கெட்டதா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

அப்படியானால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கொதிப்புக்குக் கொடுக்கலாமே? 2006இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சொரியாசிஸ் என்ற தோல் நோய் அல்லது மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தோடு கொதிப்பும் இருந்த எட்டுப் பேருக்கு மைக்கோபெனோலேட் என்ற மருந்து கொடுத்தபோது அழுத்தம் குறைந்தது, நிறுத்தியதும் ஏறியது. எட்டுப் பேர்தான். அந்த அளவிலேயே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் டி செல்லை அடக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரின், சிறுநீரகக் குழாய்களைச் சுருக்கிக் கொதிப்பை ஏற்றிவிடுகிறது. ஸ்டீராய்டும் ஏற்றுகிறது. அழற்சியை, அதாவது வெள்ளை அணுக்கள் கிளப்பும் வீக்கத்தையும் எரிச்சலையும், குறைக்கும் கனகினுமாப் என்ற ஊசியைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் சுமார் 15 சதவீதம் குறைந்தன. ரத்த அழுத்தம் மட்டும் இறங்கவில்லை.

எலிக் கதையிலும் ஒரு நெருடல் உண்டு. டி செல், பி செல் இல்லாத அதே வகை எலிகள், அமெரிக்காவில் பல ஆய்வகங்களுக்கு எலி வளர்த்துத் தரும் ஒரு கூடத்திலிருந்து வந்தவை, கொதிப்பு ஏறாமல் முன்பு இருந்த பாதுகாப்பை இழந்துவிட்டன என்று 2017இல் ஒரு குழு அறிவித்தது. அதற்காக 2007இன் முடிவு பொய்யாகிவிடாது. டி செல் இல்லாவிட்டாலும் அழுத்தத்தை ஏற்ற உடலுக்கு வேறு வழிகள் இருக்கின்றன என்று நான் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே இன்றைக்கு யாரும் கொதிப்புக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கப் போவதில்லை. தொற்றுநோய் ஆபத்தை விலைக்கு வாங்குகிற காரியம் அது. கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு "அழற்சி போக்கும்" பொடியைத் தேடிப் போகவும் வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயம் இப்போதே பயன்படும். முடக்குவாதமோ சொரியாசிஸோ இருப்பவர்களுக்குக் கொதிப்பும் சேர்ந்து வருவது அதிகம். அப்புறம், மூட்டு வலிக்கு எடுத்துக்கொள்ளும் ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக் போன்ற மாத்திரைகள் அழற்சியைக் குறைத்தாலும், சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. அவற்றைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்கள் அழுத்தத்தை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள், கொதிப்பு இருப்பதை மருந்து எழுதும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.