இரவு வில் மீன்பிடிப்பு: விளக்கை வாங்கும் முன் நீரைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் இல்லினாய் ஆற்றில், பியோரியாவுக்குக் கீழே உள்ள பகுதியில், இரவில் வில்லும் அம்பும் கொண்டு கெண்டை பிடிப்பதற்குப் படகை எப்படித் தயார்செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பலரும் விளக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நீர் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் விளக்கை முடிவு செய்ய முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த ஆறு வண்டல் மிகுந்தது. ஆகவே பொழுது சாய்வதற்கு முன்பே, 20 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி, படகின் நிழல் விழும் பக்கமாக மெல்ல இறக்குகிறேன். முதலில் வெள்ளைப் பகுதி பழுப்பாகும், பிறகு விளிம்பு கரையும், அதன் பிறகு ஒன்றுமே தெரியாது. ஓரடிக்குள் தட்டு மறைந்துவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு, ஆற்றோடு இணைந்த ஆழமற்ற ஏரிகளில் ஓட்டமில்லாத, வண்டல் படிந்து தெளிந்த மூலைகளைத் தேடுகிறேன். அந்த ஏரிகளில் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அலை அடிமண்ணைக் கிளறிவிட்டால், காற்று நின்ற பிறகும் கலங்கல் நெடுநேரம் அடங்காது. எனவே அன்று பகல் முழுவதும் காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்று பார்த்து, அதற்கு மறைவாக இருந்த கரையையே தேர்ந்தெடுக்கிறேன். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் நீர்மட்ட அளவீடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மட்டம் வேகமாக ஏறும் நாள்களில் புதுவெள்ளம் மண்ணைக் கொண்டுவரும் என்பதால் நான் பொறுத்திருக்கிறேன்.

இனி விளக்கு. தெளிந்த நீரில் வெள்ளை எல்.இ.டி. மிக நன்றாக வேலை செய்யும். பழுப்பு நீரிலோ, கரைந்திருக்கும் தாவரச் சத்துகள் நீல ஒளியை முதலில் விழுங்கிவிடுவதால், மஞ்சள் ஒளியே ஆழம் செல்லும்; சோடியம் விளக்கை இன்றும் சிலர் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். மிதக்கும் வண்டலில் பட்டுச் சிதறும் ஒளி, மூடுபனியில் காரின் ஹைபீமைப் போட்டதுபோல, நம் கண்ணுக்கே திரும்பி வரும். அதனால் விளக்குகளை முன்தளத்தின் ஓரத்தில் நீருக்கு அருகே, கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்துங்கள். அந்த வெளிச்சம், சட்டப்படி எரிய வேண்டிய சிவப்பு, பச்சை, வெள்ளை வழிவிளக்குகளை மறைத்துவிடக் கூடாது.

படகைப் பொறுத்தவரை, தட்டையான அடிப்பகுதியுள்ள அலுமினியப் படகில் உயர்த்திய முன்தளம் அமைப்பதே வழக்கம். உயரத்தில் நின்றால் பார்வை செங்குத்தாக இறங்கும். பிரதிபலிப்பும் ஒளிவிலகலால் வரும் பிழையும் குறையும். மீன் எப்போதும் உண்மையான இடத்தைவிட மேலே இருப்பதாகத்தான் தெரியும். 10 அடி தொலைவில் ஓரடி ஆழத்தில் இருந்தால் 4 அங்குலம் தாழ்வாகக் குறிபார்ப்பது நடைமுறைக் கணக்கு. முன்னால் இருவர் நிற்கும்போது மூக்கு தாழாமலிருக்க ஜெனரேட்டரையும் எரிபொருளையும் பின்பக்கம் வையுங்கள். ஜெனரேட்டரின் புகைக்குழாய் படகுக்கு வெளியே பார்த்திருக்கட்டும். மோட்டார் சத்தத்துக்கு வெள்ளிக்கெண்டைகள் துள்ளி எழும் ஆறு இது, முகத்தில் அடிபட்டால் பலத்த காயம் ஏற்படும். ஆகவே படகோட்டிக்கு முன்னால் ஒரு தடுப்பு அவசியம்.

மீனை இழுத்தெடுப்பதற்கான கயிற்றை அம்பின் வால்முனையில் நேரடியாகக் கட்டாதீர்கள். அம்பின் தண்டில் முன்னும் பின்னும் நகரும் வளையத்தில் கட்டினால், நாணை இழுத்த நிலையிலும் கயிறு முன்னால்தான் நிற்கும். நாணில் சிக்கி அம்பு நம்மை நோக்கித் திரும்பும் ஆபத்து பெரிதும் குறையும்.

நீரின் தெளிவை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆற்றின் சொந்த மீனான பிக்மவுத் பஃபலோ நூறு வயதைத் தாண்டியும் வாழக்கூடியது; மங்கிய வெளிச்சத்தில் சாதாக் கெண்டையைப் போலவே தோன்றும். கெண்டையின் வாயோரம் இரண்டு இணை மீசைகள் இருக்கும், பஃபலோவுக்கு இருக்காது. சட்டம் இடம் கொடுத்தாலும் நான் அதன்மீது அம்பெய்வதில்லை. மீசை தெரியும் அளவுக்குப் படகை நெருக்கிக்கொண்டு, அதன் பிறகே நாணை இழுங்கள்.