சோதிக்காமல் ஏன் மாத்திரை?

பேசி முடித்ததும் நீங்கள் கேட்கப்போகும் கேள்வியை நானே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மலத்தைப் பரிசோதிக்காமல் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் குடற்புழு மாத்திரை கொடுக்கிறீர்களே, நோயில்லாத பிள்ளைக்கு மருந்து எதற்கு?

நியாயமான கேள்வி. வேறு நோயென்றால் நானும் உங்கள் பக்கம்தான். இங்கே கணக்கு வேறு. பரிசோதனைக்கு நுண்ணோக்கி வேண்டும், பழகிய ஆள் வேண்டும். அப்படியும் ஒரே ஒரு மல மாதிரியைப் பார்த்தால் புழு முட்டை கண்ணுக்குத் தப்பிவிடலாம். மாத்திரையோ அதைவிட மிக மலிவு. 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், ஒரே வேளை. புழு இல்லாத பிள்ளைக்கு அதனால் கெடுதல் வருவது மிக அரிது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், ஒரு வட்டாரத்தில் 100 பிள்ளைகளில் 20 பேருக்காவது தொற்று இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறையும், 50-ஐத் தாண்டினால் இரண்டு முறையும் எல்லாருக்கும் கொடுக்கச் சொல்கிறது.

"கொடுத்தும் சில மாதத்தில் திரும்ப வந்துவிட்டதே, மருந்து போலியா?" என்பார்கள். இந்தப் புழுக்கள் குடலுக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகுவதில்லை. ஒரு பெண் உருண்டைப்புழு நாளுக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். அவை மலத்தோடு வெளியேறி, மண்ணில் சில வாரம் முதிர்ந்த பிறகே தொற்றும். அழுக்குக் கையோ கழுவாத காய்கறியோ அவற்றை வாய்க்குக் கொண்டுவரும். இன்னொரு வகையான கொக்கிப்புழுவுக்கு வாய்கூட வேண்டாம். வெறுங்காலின் தோலைத் துளைத்தே ஏறிவிடும். பிறகு குடலைக் கவ்வி இரத்தம் குடிக்கும். சோகை பிடித்து வெளிறிய அந்தப் பிள்ளையை நாம் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருப்போம். வயிற்றில் இருப்பதை மாத்திரை வெளியேற்றும். மண்ணுக்குப் போவதைக் கழிப்பறைதான் நிறுத்தும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. சாட்டைப்புழு என்ற மற்றொரு வகைக் குடற்புழு ஒரு வேளை மாத்திரைக்கு அவ்வளவாக மசியாது. எல்லாருக்கும் கொடுப்பதால் எல்லாப் பிள்ளைகளின் எடையும் படிப்பும் கூடுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. வயிறு நிறையப் புழு சுமக்கும் பிள்ளைக்குப் பலன் உண்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அது எந்தப் பிள்ளை என்று முகம் பார்த்துச் சொல்ல முடியாதே!

மாத்திரை கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வயது முடிந்து இரண்டு முடியாத குழந்தைக்குப் பாதிதான், 200 மில்லிகிராம். சின்னக் குழந்தைகளுக்கு நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். அழுகிற குழந்தையின் மூக்கைப் பிடித்து ஊட்டவே கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அழுகை ஓயட்டும். ஓயாவிட்டால் இன்னொரு நாள் கொடுத்துக்கொள்ளலாம்.