கௌரவ டாக்டர் பட்டம்: கை தூக்கியவர்கள் யார்?

அவையோருக்கு வணக்கம்.

பட்டமளிப்பு விழா முடிந்த மறுநாள் பத்திரிகையில் கௌரவ டாக்டர் பட்டம் வாங்கியவரின் படம் பெரிதாக வரும். வருடக்கணக்கில் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஆய்வேட்டை முடித்த மாணவியின் பெயர் எங்கும் வராது. அது எனக்கு வருத்தம்தான். ஆனால் இன்று பேச வந்தது வேறு விஷயம். பட்டம் யாருக்குக் கிடைத்தது என்று எல்லோரும் கேட்கிறோம். கொடுக்கலாம் என்று முடிவு செய்தது யார், யாராவது மறுத்தார்களா என்று கேட்பதில்லை. அந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பது அங்கேதான் இருக்கிறது.

இதற்கு ஆக்ஸ்ஃபோர்டை எடுத்துக்கொள்கிறேன். உலகிலேயே நல்ல பல்கலைக்கழகம் என்பதால் அல்ல. நல்லது கெட்டது இரண்டும் அங்கே பதிவாகியிருக்கிறது, அதனால்.

கௌரவப் பட்டங்களில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது 1470களின் இறுதியில் லயனல் உட்வில் என்ற பாதிரியாருக்கு ஆக்ஸ்ஃபோர்டு கொடுத்தது. மேல்பட்டத்துக்கு உரிய பயிற்சிகள் எதுவும் வேண்டாம் என்று அவருக்கு விலக்கு அளித்தார்கள். அவர் யார்? நான்காம் எட்வர்டு மன்னரின் மைத்துனர். அரண்மனைக்கு வேண்டியவரைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் தானே தேடிப்போய்க் கொடுத்த பட்டம் அது. ஆக, இந்த வழக்கம் பிறந்த அன்றே அதிகாரத்தின் வாசலில் போய் நின்றது. இதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் அதே ஆக்ஸ்ஃபோர்டு 1755இல் செய்த ஒரு காரியத்தைப் பாருங்கள். சாமுவேல் ஜான்சன் 1728இல் அங்கே பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். ஏழை வீட்டுப் பிள்ளை. காலணி கிழிந்து விரல் தெரிய நடந்தார் என்றும், இரக்கப்பட்ட யாரோ அறை வாசலில் ஒரு புதுச் சோடியை வைத்துவிட்டுப் போனபோது அதைத் தூக்கி எறிந்தார் என்றும் அவர் வரலாற்றில் படிக்கிறோம். சுமார் 13 மாதத்தில் பணமில்லாமல் படிப்பு நின்றுபோனது. அப்புறம் லண்டனில் எழுத்துக்கூலி. சில உதவியாளர்களை வைத்துக்கொண்டு பல ஆண்டு உழைத்து ஆங்கிலத்துக்குப் பெரிய அகராதி ஒன்றை முடித்தார். அது அச்சாகி வெளிவரும் நேரத்தில், தாமஸ் வார்ட்டன் உள்ளிட்ட ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்கள் முயன்று அவருக்கு எம்.ஏ. பட்டம் வாங்கித் தந்தார்கள். பிப்ரவரியில் பட்டம், ஏப்ரலில் அகராதி. தலைப்புப் பக்கத்தில் பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டமும் அச்சாக வேண்டும் என்று ஜான்சன் காத்திருந்தார். வாசலில் வைத்த காலணியை எறிந்தவர், இதை வாங்கிக்கொண்டார். முன்னது தானம், பின்னது அவர் உழைப்புக்குப் பல்கலைக்கழகம் பட்டிருந்த கடன்.

இதற்குச் சமமான ஒன்று நம்மிடமும் உண்டு. உ.வே.சாமிநாதையர் எந்தக் கல்லூரியிலும் மாணவராகப் படித்தவர் அல்ல. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. சீவக சிந்தாமணி 1887, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று ஏடுகளிலிருந்து நூல்கள் ஒவ்வொன்றாக வந்தன. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டி.லிட். என்ற கௌரவ இலக்கிய டாக்டர் பட்டம் கொடுத்தது 1932இல். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இத்தனை தாமதமாகவா என்று எனக்குக் கோபம் வருவதுண்டு. ஆனாலும் அந்தப் பட்டத்தை இன்றுவரை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை.

சரி, கேள்வி எழும்போது என்ன செய்வது? மீண்டும் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வருகிறேன். 1956இல் அமெரிக்க முன்னாள் அதிபர் ட்ரூமனுக்குப் பட்டம் என்று முன்மொழிந்தார்கள். இப்படிப்பட்ட பெயர்கள் பேச்சே இல்லாமல் நிறைவேறுவதுதான் வழக்கம். சோமர்வில் கல்லூரியில் இருந்த எலிசபெத் ஆன்ஸ்கோம் என்ற தத்துவ அறிஞர் எழுந்து எதிர்த்தார். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குற்றமற்ற மக்களைக் கொல்ல உத்தரவிட்டவருக்கு நாம் மரியாதை செய்யலாமா என்பது அவர் வாதம். மிகச் சிலரே அவர் பக்கம் நின்றார்கள். ட்ரூமன் வந்து பட்டம் வாங்கிக்கொண்டு போனார். ஆன்ஸ்கோம் தன் காரணங்களைச் சிறு பிரசுரமாக அச்சிட்டார்; இன்றும் தத்துவ மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். அவர் தோற்றார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1985 ஜனவரியில் நடந்தது இன்னும் பெரிது. மார்கரெட் தாட்சர் அதே சோமர்வில் கல்லூரியில் வேதியியல் படித்தவர், அன்று நாட்டின் பிரதமர். போருக்குப் பின் வந்த ஆக்ஸ்ஃபோர்டுப் பிரதமர்களுக்கு இந்தப் பட்டம் கொடுப்பது வழக்கமாகவே ஆகியிருந்தது. ஆனால் அவர் அரசு கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் நிதியை வெட்டியது. ஆசிரியர்கள் கூடி வாக்களித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 738 பேர், வேண்டும் என்றவர்கள் 319 பேர். பதவியில் இருக்கும் பிரதமர், பணம் ஒதுக்கும் அரசின் தலைவர், பழைய மாணவி. அப்படியும் மறுத்தார்கள். மறுத்தது சரியா தவறா என்று நாம் வாதாடலாம். வாக்கெடுப்பு நடந்தது, எண்ணிக்கை ஊருக்குத் தெரிந்தது என்பதுதான் என்னைக் கவர்கிறது.

நம் சட்டங்களிலும் படிகள் இருக்கின்றன. 1956ஆம் ஆண்டு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும் அதற்கு இணையான அதிகாரம் பெற்ற நிறுவனமும்தான் பட்டம் தர முடியும். பொதுவாகப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் பரிந்துரைக்கும், மேலே வேந்தரின் ஒப்புதல் வேண்டும். ஆனால் அங்கே யாராவது எழுந்து மறுத்தார்கள் என்று நாம் கேள்விப்படுவது அபூர்வம். காகிதத்தில் இருக்கும் இந்தப் படிகளை மக்கள் அறியாததால்தான் போலிகளுக்குச் சந்தை இருக்கிறது. 2023 பிப்ரவரியில் ஒரு தனியார் அமைப்பு அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே விழா வைத்து, திரைத்துறையினர் உள்ளிட்ட பலருக்கு ‘கௌரவ டாக்டர் பட்டம்’ கொடுத்தது. பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பல்கலைக்கழகமே போலீசில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த வழக்கமே வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் யாருக்கும் கௌரவப் பட்டம் தருவதில்லை. 1949இல் சர்ச்சில் அங்கே வந்தபோதுகூட கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உ.வே.சா. போன்ற ஒருவரை வரவேற்க ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடுவது பற்றி ஒரு வார்த்தை. ஜான்சனுக்குப் பின்னாளில் டப்ளினும் ஆக்ஸ்ஃபோர்டும் டாக்டர் பட்டமே கொடுத்தன. அவர் தன் பெயரோடு அதைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவில்லை. உலகம்தான் ‘டாக்டர் ஜான்சன்’ என்றது. கௌரவப் பட்டம் பெற்ற நம் பெரியவர்களும் அப்படி இருந்தால் ஆய்வு செய்து முனைவரானவர்களுக்கு மனக்குறை இருக்காது.

சிண்டிகேட்டிலும் பேரவையான செனட்டிலும் இருக்கும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ஒரு பெயர் மேசைக்கு வரும்போது, முன்மொழிந்தவர் யார், அந்த மனிதர் துறைக்குச் செய்தது என்ன, பல்கலைக்கழகத்துக்கு அவரோடு பணத் தொடர்பு உண்டா, இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே அந்தப் பக்கத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எதிர்ப்பு வந்தால் வாக்கெடுப்பு நடத்தி, எண்ணிக்கையையும் அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். நன்றி, வணக்கம்.