தனித் தம்ளர்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் 28 ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவள் நான். காசநோய்க்காரர்கள் தினமும் வந்து எங்கள் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும் என்பது இங்குள்ள முறை. தேக்கா பக்கமிருந்து ஒரு பெரியவர் வருவார். ஒரு நாள் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விழுங்காமல் நின்றார்.

“மிஸ்ஸி, என் அப்பாவுக்கும் இது இருந்தது. எங்கள் ரத்தத்திலேயே ஓடுகிறதா? பேத்திக்கு வரன் பார்க்கிறோம்.”

“இல்லை ஐயா, இது கிருமியால் வருவது” என்றேன். 1882ஆம் ஆண்டிலேயே ராபர்ட் காக் அதைக் காட்டிவிட்டார். நோயாளி இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. அதைச் சுவாசிப்பவருக்குத் தொற்றுகிறது. ஆனாலும் அவருடைய கேள்வியை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேர்தான் வாழ்நாளில் நோயாளி ஆகிறார்கள். மற்றவர்களின் உடல் கிருமியை அடக்கி வைத்துவிடுகிறது.

1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் ஒரு கொடுமை நடந்தது. உயிருள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்ட தடுப்பு மருந்து சுமார் 250 கைக்குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டது. 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. பெரும்பாலான குழந்தைகள் பிழைத்தன. எல்லாருக்கும் ஒரே அளவு கிருமி போகவில்லை என்பது ஒரு காரணம். ஆனால் உடலுக்கு உடல் எதிர்ப்புச் சக்தி வேறுபடுகிறது என்பதும் உண்மை, அதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. டி-ஒய்-கே-2 என்றொரு மரபணு. அதில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால், கிருமியை விழுங்கிய வெள்ளணுக்களை உசுப்பிவிடும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் போதுமான அளவு சுரப்பதில்லை. அப்படிப்பட்டவர்களைக் காசநோய் எளிதில் பிடித்துக்கொள்கிறது.

பெரியவருக்கு அந்த மாற்றம் இருந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. அவருக்கு நீரிழிவு இருந்தது. அது ஒன்றே காசநோய் வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்கும். இருமிக்கொண்டிருந்த அப்பாவோடு சிறுவயதில் ஒரே அறையில் படுத்திருக்கிறார். ஒரு குடும்பம் பகிர்ந்துகொள்வது ரத்தத்தை மட்டுமா? காற்றையும்தானே!

மரபணு எனக்கு அன்றாடம் கண்ணில் பட்டது மருந்து விஷயத்தில்தான். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரையைச் சிலருடைய கல்லீரல் விரைவாகச் சிதைத்துவிடும், சிலருடையது மெதுவாகச் சிதைக்கும். அதைத் தீர்மானிப்பது நாட்-2 என்ற மரபணு. தென்னிந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவாகச் சிதைப்பவர்கள் என்பது 1960களில் சென்னையில் நடந்த ஆய்வுகளிலேயே தெரிந்தது. இவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதனால்தான் மாத்திரை கொடுக்கும் முன் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பேன். மஞ்சள் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புவேன்.

பெரியவரின் மனைவி அவருக்கென்று ஒரு எவர்சில்வர் தம்ளரைத் தனியாக வைத்திருந்தார். கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்குமாம். தம்ளர் வழியாகக் காசநோய் பரவாது என்று அந்த அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறைதான் நூலை அவிழ்த்தார்.

பேத்திக்கு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அது மரபணுவைத் தேடும் பரிசோதனை அல்ல, கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்ப்பது. தொற்றவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் இருமல் விடாதிருந்தால் நீங்களும் மருத்துவரைப் பாருங்கள். வணக்கம்.