பூமியைச் சூடாக்கியது யார்? எண்ணெய்க்கு விடை கொடுக்கும்போது செலவு யார் தலையில்?

(காட்சி: ஆரல்வாய்மொழி. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் காற்றாலைகள்.)

வணக்கம். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் வருகிறவர்களுக்கு முப்பந்தல் வந்துவிட்டதைக் காற்றே சொல்லிவிடும். மலை ஓய்கிற இந்த இடைவெளி வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே பாய்கிறது. 1980-களில் இங்கே காற்றாலைகள் வரத் தொடங்கின. இன்று இது இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று. இதே கன்னியாகுமரி மாவட்டத்தின் தெற்கே ஆழ்கடலில் எண்ணெயும் எரிவாயுவும் தேடும் திட்டமும் இருக்கிறது. அதனால் இந்த விவாதத்தை வேறெங்கும் தேடிப்போக வேண்டாம், இங்கேயே பேசலாம்.

முதலில், பூமி சூடாவதற்கு மனிதர்கள்தான் காரணமா?

"காலநிலை எப்பவும் மாறிக்கிட்டுத்தானே இருக்கு" என்று சொல்பவர்கள் நிறைய. கடல்கோள் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது நியாயமாகவே படும். அதில் உண்மையும் உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இப்போதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 180 பங்காக இருந்த, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் கார்பன் டை ஆக்சைடு, 280 ஆக உயர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. அந்த 280 இன்று 420-ஐத் தாண்டி நிற்கிறது. இதற்கு 200 ஆண்டுகூட ஆகவில்லை.

(காட்சி: மரத்தின் குறுக்குவெட்டு, ஆண்டு வளையங்கள்.)

சரி, இது எரிமலையிலிருந்து வந்திருக்கக் கூடாதா? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார்பனில் கார்பன்-14 என்று ஒரு வகை உண்டு. வளிமண்டலத்தின் மேலே உருவாகிக்கொண்டே இருக்கும், சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். நிலக்கரியும் பெட்ரோலியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை. அவற்றில் கார்பன்-14 மிஞ்சியிருக்க வழியில்லை. ஆக, அவற்றை எரித்தால் காற்றில் கார்பன்-14-இன் விகிதம் குறைய வேண்டும். ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளர் 1950-களில் மர வளையங்களை அளந்து பார்த்தார். குறைந்துதான் இருந்தது.

இத்தோடு விடாமல் எரிமலையையும் விசாரிப்போம். எரிமலைக் கார்பனிலும் கார்பன்-14 கிடையாது. ஆனால் கார்பன்-13 விஷயத்தில் அது மாட்டிக்கொள்கிறது. செடிகொடிகள் கார்பன்-12-ஐத்தான் அதிகம் எடுத்துக்கொள்ளும். பழைய உயிர்களிலிருந்து வந்த எரிபொருளிலும் அதனால் கார்பன்-13 குறைவு. எரிமலை வாயுவில் அந்தக் குறைவு இல்லை. காற்றிலோ கார்பன்-13-இன் பங்கு இறங்கிக்கொண்டே வருகிறது. கூடவே ஆக்சிஜனும் மிகச் சிறிய அளவில் குறைந்துவருகிறது. எரிபொருள் எரியும்போது ஆக்சிஜன் செலவாகும். உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடுகிற கார்பன் டை ஆக்சைடு, மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

சூரியன்? சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாகியிருக்கும். கீழே சூடாகிறது, மேலே அடுக்குமண்டலம் குளிர்ந்துவருகிறது. வெப்பத்தைக் கீழேயே பிடித்துவைப்பது எது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. ஐ.நா.வின் காலநிலைக் குழுவும் 2021 அறிக்கையில், மனிதச் செயல்பாடே புவியைச் சூடாக்கியது என்பதில் ஐயமில்லை என்று எழுதிவிட்டது.

(காட்சி: தூத்தூர் கடற்கரை. கரையேற்றிய வள்ளங்கள்.)

கூடிய வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தை ஒட்டிப் போனது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குத் தங்கலுக்கு, அதாவது பல நாள் தங்கி மீன்பிடிக்க, போனவர்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. இறந்தவர்களும் திரும்பாதவர்களுமாக, தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் நூற்றுக்கணக்கானோர். ஒரு புயலைக் காட்டி இதுதான் காலநிலை மாற்றம் என்று சொல்வது சரியில்லை. ஆனால் சூடான கடல் புயலுக்குத் தீனி. அரபிக்கடலில் கடும் புயல்கள் அண்மைப் பத்தாண்டுகளில் கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது 'மனிதர்கள்' என்றால் எந்த மனிதர்கள்? ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக 14 டன் அளவில் கார்பன் டை ஆக்சைடுக்குக் காரணமாகிறார். ஓர் இந்தியர் சுமார் 2 டன். எக்ஸான் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகளே 1970-களின் பிற்பகுதியிலிருந்து, பூமி எவ்வளவு சூடாகும் என்று ஏறக்குறையச் சரியாகக் கணித்துவைத்திருந்தார்கள். அந்த நிறுவனமோ வெளியே பல ஆண்டுகள் சந்தேகத்தையே வளர்த்தது. வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிற அண்ணனையும் அந்த நிறுவனத்தையும் ஒரே வரிசையில் நிறுத்த என் மனம் ஒப்பாது.

அதனால்தான் எண்ணெயை விடுவது பற்றிய பேச்சில் வரிசை முக்கியம். பல நாள் கடலில் கிடக்கிற விசைப்படகை பேட்டரியில் ஓட்ட இன்றைக்கு வழியில்லை. நகரப் பேருந்து, ஆட்டோ, இருசக்கர வண்டி ஆகியவற்றுக்கு வழி இருக்கிறது. முதலில் அவை மாறட்டும். டீசல் மானியத்தில் கைவைப்பதிலிருந்து மாற்றத்தைத் தொடங்கினால் கடற்கரை ஊர்கள் காலநிலைப் பேச்சையே வெறுத்துவிடும்.

(காட்சி: குமரி முனைக்குத் தெற்கே கடல், வரைபடம்.)

குமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்ற மீன்வளம் மிக்க மேடு இருக்கிறது. 1976 ஒப்பந்தத்தில் இலங்கையும் அதை இந்தியாவுக்குரியது என்று ஏற்றது. அந்தப் பக்கத்துக் கடலில் எண்ணெய் தேடுவதை மீனவர்கள் எதிர்க்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நான். மீனை விடுங்கள், காலக்கணக்கையே பாருங்கள். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் ஓர் ஆழ்கடல் வட்டாரத்தை அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி 2005-ல் கையில் எடுத்தது. அங்கிருந்து முதல் எண்ணெய் வந்தது 2024 ஜனவரியில். இப்போது தேடத் தொடங்கினால், உலகம் எண்ணெயைப் பெருமளவு குறைத்திருக்க வேண்டிய காலத்தில்தான் நம் கடலிலிருந்து எண்ணெய் வரும்.

மாற்று வழியிலும் வலி உண்டு, அதை மறைக்கக் கூடாது. பல காற்றாலைகளிலும் மின்வண்டி மோட்டார்களிலும் இருக்கிற காந்தத்துக்கு நியோடிமியம் என்ற உலோகம் வேண்டும். அது மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கிறது, மோனசைட் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறது. கிள்ளியூர் பக்கம் மணல் எடுப்பை விரிவாக்கும் திட்டத்தை மக்கள் எதிர்ப்பதும் இதே மாவட்டத்தில்தான். அந்த மணலில் தோரியமும் இருப்பதால் கதிர்வீச்சு பற்றிய அச்சம் அவர்களுக்கு உண்டு.

என் கணக்கு இதுதான்: புதிய மண்ணைத் தோண்டும் முன் ஆரல்வாய்மொழியின் பழைய காற்றாடிகளைப் பாருங்கள். நல்ல காற்று அடிக்கிற இடங்களில் இன்னும் சில நூறு கிலோவாட் இயந்திரங்களே நிற்கின்றன. இன்று ஒரே இயந்திரம் 2,000, 3,000 கிலோவாட் தருகிறது. பழையதை இறக்கிப் புதியதை ஏற்றினால் கூடுதல் நிலம் அதிகம் தேவைப்படாது. ஆனி, ஆடியில் பொங்கி வருகிற மின்சாரத்தைச் சேமித்துவைக்க, கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் இருப்பதுபோல் தண்ணீரை மேலே ஏற்றி வேண்டும்போது இறக்குகிற நிலையங்கள் இன்னும் வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த இரண்டையும் கேளுங்கள்: பழைய காற்றாலைகளை எப்போது மாற்றுவீர்கள், சேமிப்புக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள்?