118 கிலோ எடை, 14 மில்லிமீட்டர் கல்: ஷாக் வேவா, லேசரா?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியது. கணவருக்கு 46 வயது, எடை 118 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், இடது சிறுநீரகத்தின் கீழ் அறையில் 14 மில்லிமீட்டர் கல். ஒரு டாக்டர் வெளியிலிருந்தே ஷாக் வேவ் கொடுத்து உடைக்கலாம் என்கிறாராம், இன்னொருவர் லேசர்தான் என்கிறாராம், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறார்.

இந்த உயரத்துக்கும் எடைக்கும் பிஎம்ஐ, அதாவது உடல் பருமனைக் காட்டும் எண், கிட்டத்தட்ட 42 வருகிறது. ஆனால் நான் முதலில் பார்ப்பது அதை அல்ல. சிடி ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு, கல்லிலிருந்து முதுகுத் தோல் வரைக்கும் ஒரு கோடு இழுத்து அளந்து பார்ப்பேன். அது 10 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் ஷாக் வேவ் சரியாக வேலை செய்யும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், ஏனென்றால் அந்த அலை அவ்வளவு கொழுப்பையும் தாண்டிப் போய்க் கல்லின் மேல் குவிய வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு இதோடு இன்னொரு சிக்கல், கல் இருப்பது கீழ் அறையில். உடைந்தாலும் தூள் மேலே ஏறித்தானே வெளியே வர வேண்டும்? கிணற்றின் அடியில் கிடக்கும் மண் மாதிரி அங்கேயே தங்கிவிடும். கத்தி இல்லை, மயக்க மருந்தும் பெரிதாக இல்லை என்று ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு மூன்று தடவை போய்ப் படுத்துவிட்டு, கடைசியில் லேசருக்கே வருபவர்கள் உண்டு.

லேசர், அதாவது நாங்கள் ஆர்ஐஆர்எஸ் என்று சொல்வது, சிறுநீர் வரும் வழியிலேயே வளையும் குழாயை மேலே அனுப்பிக் கல்லைப் பொடியாக்குவது. உடம்பு எவ்வளவு பருமனாக இருந்தாலும் அந்தப் பாதை அதே பாதைதான், கொழுப்பு குறுக்கே வராது. அதனால் இவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். தொல்லை இல்லாமல் இல்லை. சிறுநீர் இறங்கும் குழாய்க்குள் ஒரு ஸ்டென்ட், அதாவது மெல்லிய குழாய், வைத்து அனுப்புவார்கள், அது இருக்கும்வரை சிறுநீர் கழிக்கும்போது விலாவில் சுருக்கென்று இழுக்கும், அடிக்கடி போக வேண்டும் போலிருக்கும். சிலருக்குச் சிறுநீர்க்குழாய் குறுகலாக இருந்து முதல் நாள் உள்ளேயே போக முடியாது, ஸ்டென்ட் மட்டும் வைத்துவிட்டு ஓரிரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அதை டாக்டரின் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

முதுகில் சின்னத் துளை போட்டு எடுக்கும் பிசிஎன்எல் பற்றியும் கேட்பார்கள். கல் 2 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் எடை எவ்வளவு இருந்தாலும் பொதுவாக அதுதான் முதல் வழி, ஒரே தடவையில் நிறைய எடுத்துவிடலாம். பருமனானவர்களுக்கு அதில் வரும் கஷ்டம் வேறு மாதிரி. துளை வழியே வைக்கும் குழாய் முழுசாக உள்ளே போய், அதன் விளிம்பே தோலுக்குள் மறைந்துவிடும், அதனால் நீளமான குழாயை வைத்து விளிம்பில் ஒரு நூலையும் தைத்துக்கொள்வோம். குப்புறப் படுக்க வைத்தால் வயிறு அழுந்தி மூச்சு விடவும் சிரமம், மல்லாக்கப் படுக்க வைத்தும் செய்கிறோம். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறது என்றால், எந்த ஆபரேஷனாக இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, இதைப் பலர் கேட்பதே இல்லை. எடையும் சர்க்கரையும் இருப்பவர்களுக்குச் சிறுநீரில் அமிலம் அதிகமாகி யூரிக் அமிலக் கல் வருவது சகஜம். அது சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது, சிடியில் தெரியும், அதிலும் அடர்த்தி குறைவாகக் காட்டும். ஹவுன்ஸ்ஃபீல்டு, சுருக்கமாக ஹெச்யூ, என்பது சிடியில் அடர்த்தியைச் சொல்லும் அளவு; இந்தக் கல் பெரும்பாலும் 500-க்குள் இருக்கும். அப்படிப்பட்ட கல்லைப் பொட்டாசியம் சிட்ரேட் மருந்து கொடுத்து, சிறுநீரின் பிஹெச்சை, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணை, 6.5-க்குப் பக்கத்தில் வைத்தே கரைக்கப் பார்க்கலாம். ஆனால் வலி, காய்ச்சல், அடைப்பு எதுவும் இருக்கக் கூடாது, கிட்னி வேலையும் ரத்தத்தில் பொட்டாசியமும் பார்த்துத்தான் கொடுப்பார்கள், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். நீங்கள் கல்லின் அடர்த்தியை எழுதவில்லை, ரிப்போர்ட்டில் ஹெச்யூ என்று ஒரு எண் இருக்கும், பாருங்கள். அது 1000-க்கு மேல் என்றால் ஷாக் வேவ் பேச்சை விட்டுவிட்டு லேசருக்கே நாள் பாருங்கள், அதற்கு முன்னால் யூரின் கல்ச்சர் எடுத்து, கிருமி இருந்தால் மருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.